முடி முளைக்காத இடம்

கீழக்குயில்குடி,
தாது வருஷம், ஆவணி 20

வெள்ளைத்துரை மச்சானுக்குக் கருத்தக்கண்ணன் எழுதுவது.

சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதை நானாக எழுதவில்லை. உன் தங்கை பாண்டியம்மாள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் பேனாவைக் கீழே வைக்கும்போதெல்லாம் முறைக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

நாம் பேசி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அந்தத் தை மாதம் உன் செவலைக் காளையை நான் பிடித்தேன். வாடிவாசலில் நின்றுகொண்டு உறவு பார்க்க முடியுமா? பிடித்ததோடு விட்டிருக்கலாம். "உன் மீசையும் இந்த மாட்டு வாலும் ஒண்ணுதாண்டா" என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னேன். அது தப்புத்தான். நீயும் சும்மா இருக்கவில்லை. கருப்பசாமி முன்னால் மீசையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உன் வாசல்ல கால வச்சேன்னா இந்த மீசையைச் செரச்சு எறிஞ்சுருவேன்" என்று சத்தியம் பண்ணினாய். அப்புறம் போடி மலையில் ஏலத்தோட்டக் காவலுக்குப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது பாண்டியம்மாள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது ஐந்தாவது வயது நடக்கிறது. மாயக்காள் என்று பெயர் வைத்தோம். பிறந்த முடி இன்னும் இறக்கவில்லை. முதுகு வரை சிக்குப் பிடித்து, உள்ளே வேனல்கட்டி வந்து, சீப்பைக் கண்டாலே பிள்ளை ஓடுகிறது. வருகிற மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவாகிவிட்டது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிறந்த முடியை இறக்க வேண்டும். நீ வராவிட்டால் உன் சித்தப்பா மகன் பேச்சிமுத்து மடி கொடுப்பான். அப்புறம் காலத்துக்கும் அவன்தான் அவளுக்கு மாமன். யோசித்துக்கொள்.

மீசை சுகமா?

கருத்தக்கண்ணன்


போடி மலை,
புரட்டாசி 3

மாப்ள கருத்தக்கண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னால் வர முடியாது. சத்தியம் சத்தியம்தான். பேச்சிமுத்து நல்லவன், அவன் மடியே கொடுக்கட்டும். இதற்கு மேல் எழுதி உன் தங்கமான நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

இரண்டொன்று தெரிந்தால் தேவலை. பிள்ளைக்குத் தலையில் சுழி ஒன்றா, இரண்டா? நெற்றி ஓரத்தில் பூனைமுடி இருக்கிறதா? புருவம் எப்படி, எங்கள் வீட்டுப் புருவமா, உங்கள் வீட்டுப் புருவமா? வெயிலில் விளையாடும்போது வேர்வை கண்ணில் இறங்குகிறதா, இல்லை புருவத்திலேயே நின்றுவிடுகிறதா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. அந்த நேரத்தில் இப்படி ஏதாவது தோன்றுகிறது.

மீசையைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

வெள்ளைத்துரை


கீழக்குயில்குடி,
புரட்டாசி 17

மச்சானுக்கு,

வர முடியாது என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். உன் தங்கை எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அரை நாழிகைக்கு முன்தான் காட்டியிருந்தாள். மாடு குடிக்கவில்லை. இவள் தொட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கேட்டதற்குப் பதில். சுழி ஒன்று, வலப்பக்கம் சற்றுத் தள்ளி. பூனைமுடி உண்டு, எண்ணெய் வைத்தாலும் படியாது. புருவம் உங்கள் வீட்டுப் புருவம், நடுவில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. வேர்வை அதைத் தாண்டிக் கண்ணுக்குள் வந்து நான் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவன்கூட இம்புட்டுக் கேள்வி கேட்கமாட்டான். பார்க்க இத்தனை ஆசை இருக்கிறவன் ஏன் வரமாட்டேன் என்கிறாய்?

போடிச் சந்தைக்குப் போய்வந்த முத்துக்கருப்பன் ஒன்று சொன்னான். நீ முகத்தை மூடித் துண்டு கட்டிக்கொண்டு போனாயாம், கூப்பிட்டும் திரும்பவில்லையாம். எங்கள் ஊர்க்காரன் முகத்தில் முழிக்கவும் பிடிக்காத அளவுக்கா கோபம்? அப்படியென்றால் நேராக எழுது. பேச்சிமுத்துவுக்கு வேட்டி எடுத்துவிடுகிறேன்.

கருத்தக்கண்ணன்


போடி மலை,
ஐப்பசி 1

மாப்ள,

இதை முதலில் நீ தனியாக வாசி. பிறகு தங்கச்சிக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்.

கோபம் போய் மூன்று வருஷமாகிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதத்தில் தாடையில் காலணா அகலத்துக்கு ஓர் இடம் வழவழவென்று ஆனது. தோட்டத்து நாவிதர் சோணைமுத்து பார்த்துவிட்டுப் புழுவெட்டு என்றார். முடியின் வேரைக் கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று வெட்டுகிறதாம். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியை வெயிலில் பிடித்துக்கொண்டு அந்தப் புழுவைத் தேடுவேன். ஒரு நாளும் அது கண்ணில் படவில்லை. தலையணையில் மட்டும் முடி கிடக்கும்.

ஒரு நாள் ஓடையில் முகம் கழுவினேன். மீசையின் வலப்பாதி கையோடு வந்துவிட்டது. தண்ணீரில் அது மெதுவாகப் போனது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மறு வாரம் இடப்பாதி. அப்புறம் தலை, புருவம், இமைமுடி, நெஞ்சு, கை, கால். இன்றைக்கு என் உடம்பில் பிடித்து இழுக்க ஒரு முடி கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கண்ணுக்குள் வருகிறது. காற்றடித்தால் தூசியெல்லாம் கண்ணுக்குத்தான். புருவம் எதற்கு இருக்கிறது என்று அது போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கருப்பசாமி முன்னால் மீசையைப் பிடித்துச் சொன்னேன் அல்லவா? தங்கச்சி வீட்டு வாசலைப் பழித்ததற்கு அவன் மீசையோடு சேர்த்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டான் என்றே நினைக்கிறேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். குஷ்டம் பிடித்த பெருவியாதிக்காரர்களுக்குப் புருவம்தான் முதலில் உதிரும் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்தில் என் குவளையைத் தனியாக வைத்துவிட்டார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. குவளை மட்டும் ஒரு நாள் இடம் மாறியிருந்தது. இந்த மடியில் பிள்ளையை வைக்கச் சொல்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ள. வைத்துக்கொள்ள ஆசையாகவும் இருக்கிறது. அதனால்தான் வரமாட்டேன் என்றேன்.

வெள்ளைத்துரை


கீழக்குயில்குடி,
ஐப்பசி 9

மச்சான்,

தனியாக வாசி என்றாய். வாசித்தேன். என் முகத்தைப் பார்த்தே அவள் பிடுங்கிக்கொண்டாள். எழுத்துத் தெரியாதவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் முழுவதையும் வாசிக்க வைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நியாயம் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாசல்ல கால வச்சா மீசையை எடுக்குறேன்னுதானே அண்ணே சொல்லுச்சு? கால வைக்கிறதுக்கு முன்னாடியே மீசை போயிருச்சு. சத்தியம் தீந்துருச்சுல்ல? இனி வர்றதுக்கு என்ன?" கோயில் பூசாரி விருமாண்டியிடம் போய் இதையே கேட்டிருக்கிறாள். அவர், சாமிக்குச் சொன்னது சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனிமேல் தடையில்லை என்று சொல்லிவிட்டார். அது தீர்ந்தது.

வியாதி விஷயத்தில் அவளும் நானும் ஒன்றும் தெரியாதவர்கள். போடியில் டாக்டர் இருக்கிறார் அல்லவா, மலையை விட்டு இறங்கி அவரிடம் காட்டு. காட்டாமலே ஒன்றரை வருஷம் துண்டுக்குள் ஒளிந்திருக்கிறாய், உன்னை என்ன சொல்லித் திட்டுவது? அந்த வியாதிதான் என்று அவர் சொன்னால் நான் அங்கே வருகிறேன். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவன் நான். என் குவளையை எவனும் இடம் மாற்றட்டும், பார்க்கலாம்.

மாட்டு வால் என்று சொன்னதற்கு மன்னித்துவிடு. வாயால் சொல்லியிருக்க வேண்டியது, காகிதத்தில் சொல்கிறேன்.

கருத்தக்கண்ணன்


போடி மலை,
கார்த்திகை 12

மாப்ள,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். என் கண்ணைத் துணியால் கட்டினார். குண்டூசியால் அங்கங்கே குத்தினார், கோழி இறகால் தடவினார். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். ஒன்று விடாமல் காட்டினேன். காது மடலையும் முழங்கை நரம்பையும் நசுக்கிப் பார்த்தார். பிறகு கட்டை அவிழ்த்து, "உனக்கு அந்த வியாதி இல்லை. இது புழுவெட்டில் ஒரு தினுசு. புழுவும் கிடையாது, ஒருத்தருக்கும் ஒட்டவும் ஒட்டாது" என்றார். நான் அழுதேன். இமைமுடி இல்லாத கண்ணில் நீர் நிற்பதே இல்லை, அப்படியே கொட்டிவிட்டது.

முடி திரும்ப வருமா என்று கேட்டேன். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். அவருக்கு அன்றைக்குக் கூட்டமில்லை. நான் விடாமல் கேட்கக் கேட்க அவரும் சொல்லிக்கொண்டே போனார். மனுஷ உடம்பில் முடி முளைக்காத இடம் ரொம்பக் கொஞ்சமாம். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, அப்புறம் ஒன்றிரண்டு. மற்ற இடமெல்லாம் முடிதான், கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும். தாய் வயிற்றில் இருக்கும்போது பிள்ளையின் உடம்பு முழுவதும் மெல்லிய பூமுடி மூடியிருக்குமாம். பிறக்கும் முன் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடுமாம். தலைமுடி வெயிலுக்கு, புருவம் வேர்வைக்கு, இமைமுடி தூசிக்கு. அக்குளில் எதற்கு என்றேன், அதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று சிரித்தார். மீசை எதற்கு என்றேன். தன் மீசையைத் தடவிக்கொண்டே, "அது எனக்கும் தெரியலப்பா" என்றார்.

அன்று முதல் ஒரே கனவு வருகிறது. நான் உங்கள் ஊர்த் தாமரைக் குளத்துக்குள் கிடக்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. உடம்பெல்லாம் பூமுடி, பாசி மாதிரி அசைகிறது. மேலே யாரோ சின்னப் பிள்ளை தண்ணீரைக் கையால் அடித்து விளையாடுகிறது. எழுந்து பார்க்க மனசே இல்லை, அவ்வளவு சுகம். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் மலை எது, குளம் எது என்று பிடிபடுவதில்லை.

தைப் பொங்கலுக்கு வருகிறேன். மாசிக்கு முன்னால் பிள்ளை என் முகத்தைப் பழகிக்கொள்ள வேண்டும் அல்லவா?

வெள்ளைத்துரை


கீழக்குயில்குடி,
தை 6

மச்சான்,

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். மூன்று நாள் உனக்கு இலை போட்டு வைத்து எடுத்தோம். நீ வரவில்லை.

ஆனால் மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் மாயக்காள் குளத்துப் பக்கமிருந்து ஓடிவந்தாள். புளியமரத்தடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தானாம். "கறுப்பா அழுதாரும்மா, மூஞ்சி வழிஞ்சு ஓடிருச்சு" என்றாள். ஏன் அழுகிறீர்கள் என்று இவள் கேட்டாளாம். அந்த ஆள் இவள் தலையையே பார்த்தானாம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டானாம். பிள்ளை ஏதோ கனவு கண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். பாண்டியம்மாள் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடினாள். அங்கே யாரும் இல்லை. புளியமரத்தடியில் ஒரு ஒட்டுமீசை கிடந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள், இன்னும் அவிழ்க்கவில்லை.

அது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நீயே எழுது.

கருத்தக்கண்ணன்


போடி மலை,
தை 14

மாப்ள,

நான்தான்.

எனக்கு ராதாரிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்ட முடியாது. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி நம் ஆட்களுக்கென்றே சர்க்கார் வைத்திருக்கிற சீட்டு, அதில் கைரேகையும் உண்டு, அங்க அடையாளமும் உண்டு. என் சீட்டில் ‘அடர்ந்த புருவம், முறுக்கு மீசை’ என்று எழுதியிருக்கிறது. இந்த முகத்தோடு போய் நின்றால் அடுத்தவன் சீட்டை எடுத்துவந்தவன் என்று பிடித்து உள்ளே வைப்பார்கள். அதனால் போடிக்கு வந்திருந்த நாடகக் கம்பெனிக்காரன் ஒருவனிடம் ஒட்டுமீசை வாங்கினேன். மையால் புருவம் வரைந்துகொண்டேன். நாகமலைப் பக்கத்துச் சாவடியில் போலீஸ்காரர் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, போ என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய வெள்ளைத்துரையாகவே உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெயில் ஏறிவிட்டது. குளக்கரையில் வேர்த்தது. வரைந்த புருவம் வேர்வையை நிறுத்துமா? மை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, மீசை நழுவியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வந்து எதிரில் நின்றாள். அத்தனை முடி மாப்ள, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உங்கள் அம்மாவைப் போலவே நின்றாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. முடி இல்லாவிட்டாலும் தோல் சிலிர்க்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

உங்கள் ஊர் மலையேறிச் செட்டிப்புடவுக் குகையில் வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தேன். பாறையில் செதுக்கியிருக்கிற சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இங்கே இருந்த சமணர்கள் தலைமுடியைத் தாங்களே பறித்துக்கொள்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. அவர்கள் விரும்பிப் பறித்துக்கொண்டார்கள். நான் மையைப் பூசிக்கொண்டு திரிகிறேன். வெட்கமாக இருந்தது. மீசை இல்லாத முகத்தோடு சாவடியில் மாட்டாமல், இருட்டில் குறுக்குவழியாகத் திரும்பினேன். பிள்ளையிடம் ஒரு பொய்முகத்தைக் காட்டினேன், அதுவும் அவள் கண் முன்னாலேயே அழிந்துபோனது. இனி எந்த முகத்தோடு வருவது? பேச்சிமுத்துவே மடி கொடுக்கட்டும்.

வெள்ளைத்துரை


கீழக்குயில்குடி,
தை 20

மச்சான்,

பேச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டேன், அவன் மடி வேண்டாம் என்று. கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். டாக்டரிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொண்டு வா, பெரியவர்களிடம் காட்ட வேண்டும். உன் மடி கிடைக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு மொட்டையே கிடையாது, பேன் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று உன் தங்கை சொல்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இன்னொன்றும் எழுதச் சொன்னாள். "மூஞ்சியை வரைஞ்சுக்கிட்டு வரவேணாம்ணே. வெறும் மூஞ்சியோட வா."

கருத்தக்கண்ணன்


போடி மலை,
பங்குனி 6

மாப்ளைக்கும் தங்கச்சிக்கும்,

நேற்று வந்து சேர்ந்தேன். கோயிலில் நடந்ததெல்லாம் உங்கள் கண் முன்னால் நடந்தது. நீங்கள் பார்க்காதவை இரண்டு உண்டு, அவற்றைத்தான் எழுதுகிறேன்.

ஒன்று சாவடியில் நடந்தது. வெறும் முகத்தோடு போனேன். ஏட்டு சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரடா என்றார். மீசை எங்கே, புருவம் எங்கே, யாருடைய சீட்டு இது என்று ஒரு மணி நேரம் கேள்வி. டாக்டரின் தாளைக் காட்டினேன், அதை ஓரமாக வைத்துவிட்டார். கடைசியில் மசியைக் கொண்டுவந்து என் கட்டைவிரலை உருட்டி எடுத்துச் சீட்டில் இருந்த ரேகையோடு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. "நீதான்டா" என்றார், அவருக்கே ஆச்சரியம். முடி முளைக்காத இடத்தில்தான் என் அடையாளம் பத்திரமாக இருந்திருக்கிறது. இந்த ரேகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களே என்று எத்தனையோ நாள் வயிறெரிந்திருக்கிறேன். இப்போதும் எரிகிறது. ஆனாலும் அன்றைக்கு என்னை உங்களிடம் அனுப்பிவைத்தது அதுதான்.

இன்னொன்று மடியில் நடந்தது. மாயக்காள் என் முகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை என்று தங்கச்சி சந்தோஷப்பட்டாள். பயப்படத்தான் செய்தாள். மடியில் உட்கார்ந்ததும் அவள் உடம்பு விறைத்திருந்தது எனக்குத் தெரியும். நாவிதர் கத்தியை வைத்து முதல் கொத்து விழுந்ததும், தலையைத் தொட்டுப் பார்த்து அழுதாள். பாதி இறங்கும்போது அழுகை நின்றது. என் நெற்றியைத் தடவினாள், புருவம் இருந்த இடத்தை விரலால் தேடினாள். "நீதானே அன்னைக்குக் கறுப்பா அழுத?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் உடம்பைத் தளர்த்தி என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். தேங்காய் உடைக்கிற சத்தமும் மேளமும் எங்கேயோ தூரத்தில் கேட்டன. வெதுவெதுவென்று அந்தப் பிள்ளையின் பாரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை.

நீங்கள் இருவரும் முடியை வாங்கிக்கொண்டு சாமி பக்கம் போனபோது கேட்டாள்.

"மாமா, என் முடி வருமா?"

"ஆடிக்குள்ள வந்துரும்."

"உனக்கு?"

தெரியாது என்றேன். மொட்டைத் தலையில் சந்தனம் வழிந்து அவள் புருவத்தில் வந்து நின்றிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"வந்தா வந்து சொல்லு. வரலைன்னாலும் வந்து சொல்லு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன் மாப்ள. ஆடியில் வாரேன்.

வெள்ளைத்துரை